லேவியர் வேறு, ஆசாரியர் வேறு: பழைய இஸ்ரவேலின் ஆலயப் பணியாளர்கள்

நல்ல சமாரியன் கதை பலருக்கும் தெரியும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் ஒருவன் கள்ளர் கையில் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறான். ஓர் ஆசாரியன் வருகிறான், பார்க்கிறான், விலகிப் போகிறான். அடுத்து ஒரு லேவியன் வருகிறான், அவனும் விலகிப் போகிறான். இயேசு சொல்லக் கேட்டவர்களுக்கு அந்த இரண்டு பேரும் யார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. நமக்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது, ஏனென்றால் நம்மில் பலர் இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள் என்று நினைத்துக்கொண்டு கடந்துவிடுகிறோம்.

"லேவியர்" என்ற சொல் நம்மிடையே ரொம்பத் தளர்வாகப் புழங்குகிறது. சிலர் பூசாரி என்ற பொருளில் சொல்கிறார்கள். சில சபைகளில் பாடல் குழுவினரை லேவியர் என்கிறார்கள். காணிக்கை நேரத்தில் தசமபாகத்தைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் அந்தப் பெயர் வரும். இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உருவம் எதிலும் தெரிவதில்லை. அந்த உருவம் தெரிய வேண்டுமானால், லேவியர் ஆலயத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. அவர்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்றும் கேட்க வேண்டும்.

வட்டத்துக்குள் வட்டம்

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மணமேடையில் உட்கார்ந்து சடங்கை நடத்துகிறவர் ஒருவர் அல்லது இருவர்தான். ஆனால் பந்தல் போட்டவர், பாத்திரம் சுமந்தவர், வாசலில் நின்று வரவேற்றவர், நாதஸ்வரம் வாசித்தவர், கணக்குப் பார்த்தவர் என்று இன்னும் எத்தனையோ பேர் உழைக்காமல் அந்தக் கல்யாணம் நடக்காது. ஆசாரியருக்கும் லேவியருக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இதுதான்.

இப்போது சரியாக வகுத்துக்கொள்வோம். பழைய இஸ்ரவேல் மக்கள் தங்களை யாக்கோபின் பன்னிரண்டு மகன்களின் வழிவந்தவர்களாகக் கருதினார்கள். ஒவ்வொரு வழியும் ஒரு கோத்திரம், அதாவது ஒரே மூதாதையின் பெயரால் அறியப்படும் பெருங்குடி. யாக்கோபுக்கும் லேயாளுக்கும் பிறந்த மூன்றாம் மகன் லேவி. அவன் வழியில் வந்த எல்லோரும் லேவியர். மோசேயும் அவருடைய அண்ணன் ஆரோனும் அந்தக் கோத்திரத்தில் பிறந்தவர்கள். ஆரோனின் வம்சத்து ஆண்கள் மட்டும் ஆசாரியர், அதாவது பலிபீடத்தை நெருங்கி வழிபாட்டை நடத்தும் உரிமை உள்ளவர்கள். அவர்களிலும் ஒருவர் மட்டுமே பிரதான ஆசாரியர். மகா பரிசுத்த ஸ்தலம் என்ற உள்ளறைக்குள் அவர் மட்டும், அதுவும் வருடத்தில் ஒரே நாள், பாவநிவாரண நாளில் மட்டும் நுழையலாம்.

ஆகவே ஆசாரியர் எல்லோரும் லேவியர். லேவியர் எல்லோரும் ஆசாரியர் இல்லை. இந்த எல்லையை ராஜாகூடத் தாண்ட முடியவில்லை. யூதாவின் ராஜாவான உசியா ஆலயத்துக்குள் போய்த் தானே தூபம் காட்ட முயன்றபோது எண்பது ஆசாரியர் எதிர்த்து நின்றார்கள் என்று வேதாகமத்தின் நாளாகமம் புத்தகம் சொல்கிறது.

சுருக்கமாக: வெளிவட்டம் மக்கள், அதற்குள் லேவியர், அதற்குள் ஆசாரியர், நடுவில் ஒரு பிரதான ஆசாரியர்.

கூடாரம் பிரிக்கும் நாள்

எருசலேமில் கல்லால் ஆலயம் கட்டுவதற்கு முன்பு, வனாந்தரப் பயணத்தில் இஸ்ரவேலருக்கு இருந்தது ஒரு நகரும் ஆலயம். அதன் பெயர் ஆசரிப்புக் கூடாரம். மரச்சட்டமும் திரைகளும் தோல் மூடிகளும் கொண்டது. இடம் மாறும்போதெல்லாம் பிரித்துச் சுமந்து, அடுத்த இடத்தில் மறுபடி நிறுத்த வேண்டும். எண்ணாகமம் இந்த வேலையை விவரிக்கும் பகுதியைப் பலர் சலிப்போடு தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் லேவியரின் வேலை அங்கேதான் கண்முன் தெரிகிறது.

லேவிக்கு மூன்று மகன்கள்: கெர்சோன், கோகாத், மெராரி. வேலையும் மூன்றாகப் பிரிந்தது. கெர்சோனியர் துணி வேலைக்காரர்கள்: திரைகள், மூடிகள், தொங்கல்கள். மெராரியருக்குக் கனத்த சாமான்கள்: பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், தூண்களின் பாதங்கள், முளைகள், கயிறுகள். கோகாத்தியருக்குப் பரிசுத்தப் பொருள்கள்: பத்துக் கட்டளைக் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி, கடவுள்முன் அப்பம் வைக்கும் சமுகத்தப்ப மேஜை, குத்துவிளக்கு, பீடங்கள்.

கோத்திரத் தலைவர்கள் ஆறு வண்டிகளையும் பன்னிரண்டு மாடுகளையும் கொடுத்தபோது அவற்றைப் பங்கிட்ட விதத்தைப் பாருங்கள். கெர்சோனியருக்கு இரண்டு வண்டி, நான்கு மாடு. மெராரியருக்கு நான்கு வண்டி, எட்டு மாடு. கனத்த சுமைக்காரருக்கு இரண்டு மடங்கு. கோகாத்தியருக்கு ஒன்றும் இல்லை. பரிசுத்தப் பொருள்களை வண்டியில் ஏற்றக் கூடாது, தோளில்தான் சுமக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கோகாத்தியரும் பெட்டியைத் தொட முடியாது. முதலில் ஆரோனும் அவர் மகன்களும் உள்ளே போய், உள்ளறையை மறைத்துத் தொங்கும் மறைவின் திரையை இறக்கி அதனாலேயே பெட்டியை மூடுவார்கள். அதன்மேல் தோல் மூடி. அதற்கும் மேலே முழுவதும் நீலத் துணி. தண்டுகளைப் பாய்ச்சி வைப்பார்கள். எல்லாம் மூடிய பிறகுதான் கோகாத்தியர் வந்து தூக்குவார்கள். மேஜையும் விளக்கும் தோல் மூடி வெளியே தெரியும்படி போகும். பெட்டிக்கு மட்டும் நீலம் வெளியே. ஊர்வலத்தில் எங்கே நின்று பார்த்தாலும் பெட்டி எதுவென்று தெரிந்துவிடும்.

இந்த வேலைக்கு வயது வரம்பும் உண்டு. முப்பதிலிருந்து ஐம்பது வரை. அந்த வயதில் இருந்தவர்கள் கோகாத்தியர் 2,750, கெர்சோனியர் 2,630, மெராரியர் 3,200, ஆக மொத்தம் 8,580 என்று எண்ணாகமம் கணக்கு தருகிறது. இந்த எண்களை வரலாற்றாய்வாளர்கள் அப்படியே மக்கள்தொகைக் கணக்காக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் வழிபாட்டு உழைப்பை இவ்வளவு நுணுக்கமாகப் பங்கிட்டு எழுதி வைத்தது என்பதே பெரிய செய்தி. ஐம்பது வயதானவர் சும்மா உட்கார்ந்துவிடவும் இல்லை. சுமை தூக்குவதை விட்டு, காவலில் தன் சகோதரருக்குத் துணையாக இருப்பார்.

பலியை அறுத்தது யார்?

இது பரவலான தவறு என்பதால் தனியாகச் சொல்கிறேன். பலி என்றால் கடவுளுக்கென்று கொண்டுவந்து படைக்கும் காணிக்கை. ஆடுமாடும் இருக்கலாம், மாவும் எண்ணெயும் இருக்கலாம். விலங்கைக் கொல்வது ஆசாரியரின் வேலை என்று நாம் நினைக்கிறோம். லேவியராகமத்தின் முதல் அதிகாரத்தைப் படித்தால் வேறு காட்சி தெரியும். கொண்டுவந்தவரே அதன் தலையில் கைவைக்கிறார், அவரே அறுக்கிறார். ஆசாரியரின் வேலை அதற்கு அப்புறம் தொடங்குகிறது: இரத்தத்தைப் பீடத்தில் தெளிப்பது, கட்டைகளை அடுக்குவது, துண்டங்களைத் தீயில் வைப்பது.

ஆசாரியருக்குப் பீடத்துக்கு வெளியேயும் வேலை இருந்தது. தோலில் தழும்போ வெள்ளையோ கண்டவர் அவரிடம்தான் காட்ட வேண்டும். அவர் பார்த்து, ஏழு நாள் தனியே வைத்து, மறுபடி பார்த்துச் சொல்வார். மருந்து கொடுப்பது அவர் வேலை இல்லை. அந்த ஆள் ஊரோடு சேர்ந்து இருக்கலாமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்வதே அவர் வேலை.

நிலமில்லாத கோத்திரம்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். விவசாயச் சமூகத்தில் நிலம்தான் சோறு. கானானில் மற்றக் கோத்திரங்களுக்கெல்லாம் நிலப்பகுதி பங்கிடப்பட்டபோது லேவிக்கு மட்டும் பங்கு இல்லை. கர்த்தரே அவர்களுடைய பங்கு என்று சொல்லப்பட்டது. கேட்க உயர்வாக இருக்கிறது, ஆனால் அறுவடைக் காலத்தில் லேவியன் வீட்டுப் பானைக்குள் என்ன போகும்?

விடை தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. ஒரு விவசாயிக்கு நூறு மரக்கால் கோதுமை விளைந்ததாக வைத்துக்கொள்வோம். பத்து மரக்கால் லேவியருக்குப் போகும். கதை அங்கே முடிவதில்லை. அந்தப் பத்திலிருந்து லேவியர் பத்தில் ஒன்றை, அதாவது ஒரு மரக்காலை, ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவரும் கொடுக்க வேண்டும் என்பது எண்ணாகமம் பதினெட்டாம் அதிகாரத்தின் ஒழுங்கு. உபாகமம் இன்னொன்றையும் சொல்கிறது: மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பத்தில் ஒன்று ஊர் வாசலுக்குள்ளேயே வைக்கப்பட்டு, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும். இந்த வரிசையை நின்று கவனிக்க வேண்டும். லேவியன் இங்கே அதிகாரம் உள்ளவனாக வரவில்லை. சொந்த நிலம் இல்லாத எளியவர்களோடு ஒரே பந்தியில் உட்காருகிறான்.

அப்புறம், அவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? மற்றக் கோத்திரங்கள் தங்கள் நிலத்திலிருந்து 48 ஊர்களை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊரைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் இரண்டாயிரம் முழம், அதாவது ஏறக்குறைய 900 மீட்டர், மேய்ச்சல் நிலம். ஆடுமாடு வளர்க்கலாம், ஆனால் ஒரு மாநிலம்போல ஒட்டுமொத்தமான பகுதி கிடையாது. 48 ஊர்களும் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. எரேமியா தீர்க்கதரிசி பிறந்த ஆனதோத் அப்படிப்பட்ட ஓர் ஊர். எப்ரோன், சீகேம், பெத்ஷிமேஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

இவற்றில் ஆறு ஊர்கள் அடைக்கலப் பட்டணங்கள். உபாகமம் தரும் உதாரணம் எளியது. இரண்டு பேர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவன் கோடரியை ஓங்கும்போது இரும்பு காம்பை விட்டுக் கழன்று மற்றவன்மேல் பட்டுவிடுகிறது. அவன் செத்துப்போகிறான். செத்தவனின் உறவினன் பழிவாங்கத் துரத்துவான். ஓடுகிறவன் அந்த ஆறு ஊர்களில் ஒன்றுக்குள் நுழைந்துவிட்டால், விசாரணை முடியும்வரை யாரும் அவனைத் தொட முடியாது. வேண்டுமென்று செய்ததல்ல என்று தெரிந்தால், அப்போதைய பிரதான ஆசாரியர் இறக்கும்வரை அவன் அங்கேயே வாழலாம், அதன்பின் ஊர் திரும்பலாம். அடைக்கலம் ஏன் லேவியர் ஊர்களில் வைக்கப்பட்டது? என் கணிப்பு இது: நிலத் தகராறிலும் எல்லைத் தகராறிலும் பங்கில்லாதவர்கள் நடுவில்தான் இரு தரப்பும் நம்பக்கூடிய இடம் இருக்கும்.

இதுவரை: லேவியருக்கு வயல் இல்லை, எனவே மற்ற எல்லோருடைய வயலும் அவர்களுக்குச் சோறு போட வேண்டியிருந்தது. அவர்களுக்கென்று தனி நாடு இல்லை, எனவே எல்லாக் கோத்திரத்தின் நடுவிலும் அவர்கள் இருந்தார்கள்.

ஏற்பாடு தவறியபோது

எழுதி வைத்தது எல்லாம் நடந்ததா? இல்லை. வேதாகமமே அதை மறைக்கவில்லை. நியாயாதிபதிகள் புத்தகத்தில் பெத்லகேமிலிருந்து கிளம்பிய ஒரு வாலிப லேவியன் வருகிறான். தங்க எங்கேயாவது இடம் கிடைக்குமா என்று நடந்துகொண்டே போகிறான். எப்பிராயீம் மலைநாட்டில் மீகா என்பவன் அவனைத் தன் வீட்டுச் சாமியறைக்கு வேலைக்கு வைத்துக்கொள்கிறான். கூலி, வருடத்துக்குப் பத்து வெள்ளிக்காசு, ஒரு மாற்று உடை, சாப்பாடு. கொஞ்ச நாளில் தாண் கோத்திரத்தார் வந்து, ஒரு வீட்டுக்கு ஆசாரியனாக இருப்பது நல்லதா, ஒரு கோத்திரத்துக்கு இருப்பது நல்லதா என்று கேட்கிறார்கள். அவன் மனம் மகிழ்ந்து அவர்களோடு போய்விடுகிறான். அவன்மேல் எனக்குக் கோபத்தைவிட இரக்கமே வருகிறது. நாட்டில் ராஜா இல்லாத காலம், அவனவன் தன் பார்வைக்குச் சரியானபடி நடந்த காலம். பங்கு தர யாரும் இல்லாத ஊரில் அந்த லேவியன் கூலிக்குப் போகிறான்.

பல நூற்றாண்டுகள் கழித்து, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், யூதேயாவின் ஆளுநரான நெகேமியா எருசலேமுக்குத் திரும்பி வந்தபோதும் இதே நிலைதான். லேவியருக்குச் சேர வேண்டிய பங்கு கொடுக்கப்படவில்லை. ஆலயத்தில் பாடியவர்களும் பணி செய்தவர்களும் அவரவர் வயலுக்கு ஓடிப்போயிருந்தார்கள். நெகேமியா அதிகாரிகளைக் கடிந்துகொண்டு, லேவியரைத் திரும்பக் கூட்டிவந்து, தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் பொக்கிஷ அறைகளுக்கு மறுபடி வரும்படி செய்தார்.

பாட்டும் வாசலும்

கூடாரம் நிலையான ஆலயமாக மாறினால் சுமப்பவருக்கு வேலை ஏது? முதலாம் நாளாகமம் இதற்குப் பதில் தருகிறது. இனிப் பெட்டியைச் சுமக்க வேண்டியதில்லை என்று தாவீது லேவியரை வேறு வேலைகளுக்குப் பிரித்தார்: ஆலய வேலையை நடத்துகிறவர்கள், அதிகாரிகளும் நியாயம் விசாரிப்பவர்களும், வாசல் காவலர்கள், இசைக்கருவியோடு பாடுகிறவர்கள். ஆசாரியர் 24 வகுப்புகளாகப் பிரிந்து முறை வைத்துப் பணி செய்தார்கள். யோவான் ஸ்நானகனின் தந்தை சகரியா அபியாவின் வகுப்பைச் சேர்ந்தவர் என்று லூக்கா சொல்வது இதைத்தான்.

பாடகர்களில் ஆசாப், ஏமான், எதுத்தூன் என்று மூன்று பெயர்கள் முக்கியம். பன்னிரண்டு சங்கீதங்களின் தலைப்பில் ஆசாப்பின் பெயர் இருக்கிறது. இன்னும் சில, கோராகின் புத்திரருடையவை. கோராகு என்பவன், ஆசாரியப் பட்டம் எங்களுக்கும் வேண்டும் என்று மோசேக்கு எதிராகக் கிளம்பி அழிந்துபோன லேவியன். அவன் பிள்ளைகளோ சாகவில்லை என்று எண்ணாகமம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்த வம்சத்தார் பிற்காலத்தில் ஆலய வாசல் காவலரானார்கள். எண்பத்து நான்காம் சங்கீதத்தை இதோடு சேர்த்துப் படியுங்கள். அது கோராகின் புத்திரரின் பாட்டு. துன்மார்க்கரின் கூடாரங்களில் குடியிருப்பதைவிட, என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதே எனக்கு விருப்பம் என்று அவர்கள் பாடுகிறார்கள். உள்ளே போக உரிமை கேட்டவனின் வம்சம், வாசற்படி போதும் என்று பாடுகிறது.

வாசல் காவல் எப்படி நடந்தது என்பதற்கு, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு ஒரு காட்சியைத் தருகிறது. இரவில் 24 இடங்களில் காவல். மூன்றில் ஆசாரியர், இருபத்தொன்றில் லேவியர். ஆலய மலையின் அதிகாரி முன்னால் பந்தங்கள் எரிய ஒவ்வொரு காவலிடமாகச் சுற்றி வருவார். காவலாள் எழுந்து நின்று வாழ்த்துச் சொல்லவில்லையென்றால் தூங்குகிறான் என்று தெரிந்துவிடும். கோலால் அடி விழும். அவன் உடையைக் கொளுத்தவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. ஒருமுறை என் தாய்மாமன் தூங்கி மாட்டிக்கொண்டார், அவர் துணியை எரித்துவிட்டார்கள் என்று எலியேசர் பென் யாக்கோபு என்ற ரபி சொன்னதாகவும் அதில் பதிவாகியிருக்கிறது.

லேவியருக்கும் கீழே இன்னொரு வரிசை இருந்தது. நிதனீமியர் என்று பெயர், ஆலய வேலைக்கென்று ஒப்புக்கொடுக்கப்பட்டவர்கள் என்று பொருள். விறகும் தண்ணீரும் இல்லாமல் எந்தப் பீடமும் எரியாது. அவர்களைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

படித்தவர், விளக்கியவர்

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலில் ஆசாரியர் 4,289 பேர், லேவியர் வெறும் 74 பேர். பாடகர் 128, வாசல் காவலர் 139 என்று தனியாக எண்ணப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சிறு கூட்டத்துக்கு இன்னொரு பெரிய வேலை கிடைத்தது. எருசலேமில் தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் ஆண்களும் பெண்களும் கூடியிருக்க, வேதபாரகரான எஸ்றா மரமேடையில் நின்று விடியற்காலம் முதல் நண்பகல் வரை நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயின் சட்டத்தை, வாசித்தார். கேட்டவர்களுக்குப் பொருள் விளங்க வேண்டுமே! லேவியர் மக்கள் நடுவில் அர்த்தம் சொல்லி, வாசித்ததை விளங்கப்பண்ணினார்கள். ஜனங்கள் அழுதார்கள். அழ வேண்டாம், இன்று பரிசுத்த நாள் என்று தேற்றியவர்களிலும் லேவியர் இருந்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த ஒழுங்கு முழுவதும் ஒரே நாளில் உருவானது என்று நினைக்க வேண்டாம். உபாகமம் "லேவியராகிய ஆசாரியர்" என்று இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. எசேக்கியேல் புத்தகமோ தாவீதின் காலத்து ஆசாரியரான சாதோக்கின் வம்சத்தாரை மட்டும் பீடத்தண்டை விட்டு, மற்ற லேவியரை வெளிவேலைக்கு நிறுத்துகிறது. ஆசாரியர்-லேவியர் பிரிவு பல நூற்றாண்டுகளில், சர்ச்சைகளோடு, கெட்டிப்பட்டது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஆலயம் போன பிறகு

கி.பி. 70-இல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை எரித்தது. பீடம் இல்லை, வாசல் இல்லை, முறை வகுப்பும் இல்லை. ஆனாலும் யூதக் குடும்பங்கள் தாங்கள் ஆசாரிய வழியா, லேவி வழியா என்பதை மறக்கவில்லை. கோஹன், லேவி என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் பரவலாக உண்டு. ஜெப ஆலயத்தில் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களை, வாசிக்க முதலில் ஆசாரிய வழியினரையும் அடுத்து லேவி வழியினரையும் அழைக்கிறார்கள்.

1979-இல் எருசலேமின் கேதேப் இன்னோம் என்ற இடத்தில் பழைய கல்லறைக் குகைகளைத் தோண்டிய கபிரியேல் பார்க்காய் குழுவினருக்குச் சுருட்டப்பட்ட இரண்டு சிறு வெள்ளித் தகடுகள் கிடைத்தன. மெதுவாக விரித்துப் படித்தபோது, கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர் என்று தொடங்கும் ஆசாரியரின் ஆசீர்வாத வரிகள் அவற்றில் கீறப்பட்டிருந்தன. பாபிலோனியர் அழித்த முதல் ஆலயம் நின்ற காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை என்பது பரவலான கணிப்பு. யாரோ ஒருவர் தாயத்தாகக் கழுத்தில் அணிந்திருக்கலாம்.

அதே வரிகளை இன்றும் ஆசாரிய வழியினர் ஜெப ஆலயத்தில் மக்கள்முன் நின்று கைவிரித்துச் சொல்கிறார்கள். அதற்குச் சற்று முன்னால் அவர்கள் வெளியே போய்க் கை கழுவ வேண்டும். குவளையில் தண்ணீர் எடுத்து அவர்கள் கையில் ஊற்றுகிறவர் ஒரு லேவியர்.